சுட்டெழுத்து

நவம்பரில் துர்க்கு நகரத்தின் மேல்
விண்மீன் எதுவும் இருக்காது.
மூன்று வாரமாக மேகம், அதற்கு முன்னால் மழை.
ஹில்க்காவுக்கு அது பொருட்டில்லை.
அவள் தேடுவதே
விண்மீன் இல்லாத மொழிகளைத்தான்.

விண்மீன் என்பது அவள் துறையில் ஒரு சிறு குறி.
எழுத்தின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு
மறுபடி, மறுபடி, போதும் என்னும்வரை மறுபடி
என்று சொல்லும்.
அதை இறக்கிவிட்டு
'அல்லது', 'பிறகு', 'இல்லை'
என்ற மூன்றே சொற்களால்
ஒரு மொழியைச் சொல்லி முடிக்க முடியுமா?

ஒரு சொல் மொழிக்குள் உண்டா என்றால்
தானியங்கி நாலு எட்டு நடந்து சொல்லிவிடும்.
அவள் கேட்பது அதுவல்ல:
மொழியே, நீ எந்த வீட்டுப் பிள்ளை?
முடிவில்லாத சொற்களை மடியில் வைத்திருக்கும் ஒன்றுக்கு
முடிவுள்ள நேரத்தில்
ஆம் என்றோ இல்லை என்றோ
பதில் சொல்லி அனுப்ப வேண்டும்.

கீழ்ப்படிகளில் முன்பே யார் யாரோ ஏறிவிட்டார்கள்.
மேலே ஒரு படியில் ஆறு வருடம் நின்று
அவள் எழுதிய நாற்பத்தொரு பக்கம்
இன்று மதியம் திரும்பி வந்தது.
பதினேழாம் பக்கம், துணைத்தேற்றம் ஒன்பது.
"இங்கே எண்ணுகிறீர்கள்."
ஓரத்தில் அந்த ஒரு வரிதான். கையெழுத்து இல்லை.

ஔரா ஆற்றைக் கடக்கும் ஆரஞ்சுப் படகு
யாரிடமும் காசு கேட்பதில்லை.
அன்று மூடுபனி. நடு ஆற்றில்
இரண்டு கரையும் ஒரே வெள்ளை.
அவள் இறங்கவில்லை.
போனாள், வந்தாள், போனாள்,
பிறகு எது போவது எது வருவது என்பதே
விட்டுப்போயிற்று.

படகோட்டி எஸ்கிலின் பலகையில் ஒரு தாள்.
ஒரு கடப்புக்கு ஒரு கோடு.
கோடு கோடு கோடு கோடு கோடு.
தமிழில் சொன்னால் ஓரெழுத்தொருமொழி
(இலக்கணக்காரர் கோபிக்க வேண்டாம்).
எந்தக் கரை என்று தெரிய
முதல் கோட்டிலிருந்து எண்ணிவர வேண்டும்:
இரட்டை என்றால் இக்கரை,
ஒற்றை என்றால் அக்கரை.
உள்ளே இரண்டு நிலைகள் கைகோத்துச் சுற்றுகின்றன.
அந்தச் சுற்று ஓயாதவரை
விண்மீனை இறக்க முடியாது.
மாணவர்களுக்கு அவளே நடத்திய பாடம்,
சாக்பீசும் இருமலுமாக.

"ஒரு கோடு தவறிவிட்டால்?" என்றாள்.
"தவறினால் என்ன?"
"அதற்குப் பிறகு எல்லாமே கரை மாறிவிடுமே."
எஸ்கில் தாளை விளக்கின் கீழ் திருப்பினான்.
போகும் கோடு வலப்பக்கம் சாய்ந்திருந்தது,
வரும் கோடு இடப்பக்கம்.
"கடைசிக் கோட்டைப் பார்த்தால் போதும்.
எண்ணுவது ஆபீஸ்காரர்கள் வேலை."

அ. இ. அ. இ.
அக்கரைக்கு ஒன்று, இக்கரைக்கு ஒன்று.
முழுநாள் தாள் எதுவும்
இகரத்தில் தொடங்குவது இல்லை,
அகரத்தில் முடிவது இல்லை,
அடுத்தடுத்து இரண்டு அகரம் இல்லை,
இரண்டு இகரம் இல்லை.
நான்கு இல்லைகள் காவல் நின்று
ஒரு படகைக் காலமெல்லாம் ஓட்டிவிடுகின்றன.
வெளியிலிருந்து பார்த்தால் சுழல்வது போலத்தான்.
உள்ளே யாரும் சுற்றவில்லை.

பையிலிருந்து பதினேழாம் பக்கத்தை எடுத்தாள்.
ஈரத்தில் மை லேசாகப் பூத்திருந்தது.
எளிமைக்காக என்று எழுதி
இரண்டு எழுத்தை ஒன்றாக்கியிருந்தாள், அவளேதான்,
நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு வெயில் நாளில்.
சாய்வை அழித்துவிட்டுப்
பிறகு எண்ணாமல் என்ன செய்வது.

மறுபடி பிரித்தால்
துணைத்தேற்றம் நான்கு நிற்குமா?
தெரியாது. நிற்காது போலத்தான் இருந்தது.
விரல் விட்டுப் பார்த்தாள், உடனே மடக்கிக்கொண்டாள்.

"இதுதான் கடைசி" என்றான் எஸ்கில்,
இடப்பக்கம் சாய்த்து ஒரு கோடு போட்டுவிட்டு.
பேனாவை மூடினான். விளக்கை அணைத்தான்.

அவளுடைய சைக்கிள் அக்கரையில் இருந்தது.
பாலம் கொஞ்சம் தள்ளி.